சாயங்கால பஸ் தூக்கம்

கேள்வி: அம்பாசமுத்திரத்திலிருந்து பாளையங்கோட்டைக்குப் போய் டிகிரி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். காலை 5 மணிக்கு எழுந்து தண்ணீர் பிடிக்க வேண்டும். வகுப்பில் கண் சொக்குகிறது. திரும்பி வரும்போது பஸ்ஸில் அடித்துப் போட்டதுபோல் தூங்குகிறேன். இரவு 1 மணிவரை தூக்கம் வராமல் செல்போனைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறேன். அம்மா ஒரு வார்த்தை சொன்னாலும் எரிந்து விழுகிறேன், அப்புறம் அழுகிறேன். 'சோம்பேறி' என்று திட்டுகிறாள். எனக்கு மனசில் ஏதும் கோளாறா?

பதில்: மகளே, 1 மணிக்குக் கண் மூடி 5 மணிக்கு எழுந்தால் 4 மணி நேரம்தான். உன் வயதுக்கு 7 முதல் 9 மணி நேரம் வேண்டும். இதில் சோம்பல் எங்கே வந்தது? தூக்கம் குறைந்தால் கோபமும் அழுகையும் சட்டென்று பொங்கும். அவற்றை அடக்கி வைக்கிற மூளைப் பகுதியின் பிடி தளர்ந்துவிடும். அம்மாவிடம் எரிந்து விழுவது பெரும்பாலும் அதனால்தான்.

நீ போகிறபோக்கில் எழுதியிருக்கும் அந்த பஸ் தூக்கத்தைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். ஜன்னல் கம்பியில் தலை இடிக்க இடிக்க, மடியில் டிபன் பாக்ஸோடு, பத்தமடை போனதுகூடத் தெரியாமல் தூங்குகிறாயே, அது இரவுத் தூக்கத்திலிருந்து எடுத்த கடன். சாயங்காலம் ஒரு மணி நேரம் தூங்கினால் இரவு 10 மணிக்கு எப்படிக் கண் அசரும்? இந்த வயதில் உடம்புக்குத் தூக்கம் வருவதே கொஞ்சம் தாமதமாகத்தான். அதோடு செல்போன் வெளிச்சமும் சேர்கிறது. தூங்குவதானால் காலை பஸ்ஸில் 20 நிமிடம் தூங்கு. வரும்போது தோழியோடு பேசிக்கொண்டு வா. வீட்டுக்கு வந்ததும் குடிக்கிற டீயையும் விடு. அதிலுள்ள காஃபின் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகும். செல்போனை அடுப்படியில் சார்ஜ் போட்டுவிட்டுப் படு. ஞாயிற்றுக்கிழமை 11 மணிவரை தூங்காதே, திங்கள்கிழமை பாடாய்ப் படுத்தும்.

இரண்டு வாரம் இப்படி இருந்து பார். அப்படியும் அசதி போகவில்லை என்றால் ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்த்துவிடு. ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. எதிலும் பிடிப்பில்லாமல், வாழவே வேண்டாம் என்று தோன்றினால் ஒரு நாள்கூடக் காத்திருக்காதே. பாளை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்கு எந்த நேரமும் இலவசமாகக் கூப்பிடலாம், தமிழிலேயே பேசுவார்கள்.

அப்புறம், இந்தப் பக்கத்தை அம்மாவிடம் காட்டு. அம்மா, விடியற்காலைத் தண்ணீரை வீட்டில் எல்லோரும் முறை வைத்துப் பிடியுங்கள். பரீட்சை முடிகிறவரையாவது இவள் 6 மணிவரை தூங்கட்டும்.