எக்செல் பட்டியலிலிருந்து பார்கோடு லேபல் அடிக்க எந்த மென்பொருள் வாங்கலாம்?

யாராவது உங்களுக்கு ஏற்கெனவே விலை சொல்லியிருந்தால் இன்னும் கையெழுத்துப் போடாதீர்கள். கேள்வியைப் பார்த்தால் சின்ன மளிகைக் கடை வைத்திருப்பவர் போலவோ, வீட்டில் மசாலா அரைத்து விற்பவர் போலவோ தெரிகிறது. பொருள் பெயர், விலை, எண் எல்லாம் எக்செல்லில் இருக்கிறது, அதை லேபலாக்க எந்த மென்பொருள் நல்லது, டிசைன் எப்படிச் செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். மென்பொருள் எதுவாக இருந்தாலும் சரி, பட்டியல் ஒழுங்காக இல்லாவிட்டால் லேபல் ஒழுங்காக வராது. பட்டியலை ஒழுங்காக்க ஒரு காசும் செலவில்லை. இதைச் சொல்லாமல் விற்றுவிட்டுப் போனவர்களால் பட்டதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் மாமா கடையில் கணக்கும் கம்ப்யூட்டரும் பார்க்கிறேன். பருப்பு, மல்லி, மிளகாய், சீரகம் எல்லாம் மூட்டையில் வரும், பின்கட்டில் அரைக்கிலோ கால்கிலோவாகப் பொட்டலம் கட்டுவோம். பொட்டலத்துக்கு கம்பெனி பார்கோடு கிடையாது, நாமேதான் போட வேண்டும். அதற்கென்று வெளியூர்க் கம்பெனி ஒன்று வந்து கல்லாப்பெட்டி சிஸ்டம், ஸ்கேனர், லேபல் பிரிண்டர் எல்லாம் சேர்த்து மாமாவிடம் பெரிய தொகை வாங்கிக்கொண்டு பூட்டிவிட்டுப் போனது. பட்டியலை நான்தான் கொடுத்தேன். ஒவ்வொரு பொருளுக்கும் 13 இலக்க எண், தனித்தனியாக, சரிபார்த்துக் கொடுத்தேன். நான் அனுப்பிய கோப்பு இன்னும் மின்னஞ்சலில் இருக்கிறது, சந்தேகப்படுபவர்களுக்குக் காட்டவும் தயார்.

தீபாவளிக்கு முந்தின வாரம், கடை நிறைய ஆள். எந்தப் பொட்டலத்தை ஸ்கேன் செய்தாலும் திரையில் கடலைப்பருப்பு என்றே வருகிறது. மிளகாய்த்தூளும் கடலைப்பருப்பு, கசகசாவும் கடலைப்பருப்பு. வரிசை வாசல் தாண்டி நிற்கிறது, மாமா கால்குலேட்டரை எடுத்துவிட்டார், அத்தை பழைய விலை நோட்டைத் தேடுகிறார். அந்தக் கம்பெனிக்கு போன் போட்டால், உங்கள் ஊரில் கரண்ட் சரியில்லை, பிரிண்டர் சூடாகிறது என்றார்கள். விடாமல் கேட்டதும், தோட்டத்துப் பக்கம் இருப்பவர்களுக்கு இந்த சிஸ்டமெல்லாம் பழக நாளாகும் என்று சொன்னார்கள். அந்தச் சொல் எனக்கு இன்னும் ஆறவில்லை. மஇகா தலைவராகவும் அமைச்சராகவும் இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊர் இது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்து எஞ்சினியரானவர்களும் கணக்காளரானவர்களும் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள்.

சரி, என்ன நடந்தது என்று சொல்கிறேன். எக்செல்லில் சாதாரண அமைப்பில் உள்ள கட்டத்துக்குள் 12 இலக்கமோ அதற்கு மேலோ உள்ள எண் வந்தால், அது கணக்குப் போடும் எண் என்று நினைத்துச் சுருக்கிக் காட்டும். 2000000000121 என்பது 2, ஓர் ஆங்கில ஈ எழுத்து, கூட்டல் குறி, 12 என்று ஆகிவிடும். உள்ளே முழு எண் இருந்தாலும், சிஎஸ்வி கோப்பாக, அதாவது காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பாகச் சேமிக்கும்போது கண்ணுக்குத் தெரிவதைத்தான் எழுதும். திரும்பத் திறந்தால் 2க்குப் பின்னால் வெறும் சுழியங்கள். கம்பெனி ஆள் என் கோப்பை சிஎஸ்வியாக மாற்றி, எக்செல்லில் ஒருமுறை திறந்து பார்த்துச் சேமித்திருக்கிறார். எல்லாப் பொருளுக்கும் ஒரே எண் ஆகிவிட்டது, சிஸ்டம் அந்த எண்ணுக்கு ஒரு பெயரைத்தான் வைத்துக்கொண்டது. லேபலை ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக வைத்து கோடுகளுக்குக் கீழே இருந்த எண்ணைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது.

அதனால் பார்கோடு எண்ணை எண்ணாக நினைக்காதீர்கள், பெயரைப் போல வெறும் எழுத்தாக நினையுங்கள். தட்டுவதற்கு முன்பே அந்த நெடுவரிசை முழுவதையும் டெக்ஸ்ட் என்று மாற்றுங்கள். முன்னால் சுழியம் உள்ள எண்களும் அப்போதுதான் தப்பும், இல்லாவிட்டால் 000123 வெறும் 123 ஆகிவிடும். சிஎஸ்வி கோப்பை மௌஸால் இரண்டு தட்டுத் தட்டித் திறக்காதீர்கள். எக்செல்லில் மேலே உள்ள டேட்டா மெனு வழியாக உள்ளே கொண்டுவந்து, அந்த நெடுவரிசை டெக்ஸ்ட் என்று சொல்லுங்கள். எக்செல்லே வேண்டாம், டேட்டாபேஸ் வைத்துக்கொள்ளுங்கள் என்று சிலர் கீழே வந்து எழுதுவார்கள். எழுதட்டும். சின்னக் கடைக்கு எக்செல் போதும், நாங்கள் அதில்தான் ஓட்டுகிறோம்.

எண்ணை எங்கிருந்து எடுப்பது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்து அங்கேதான் வந்து நிற்பீர்கள். கடைக்குள் மட்டும் விற்கும் பொட்டலம் என்றால் 20 முதல் 29 வரை ஏதாவது ஒன்றில் தொடங்குங்கள், அந்த வரிசை உள் உபயோகத்துக்கென்றே விட்டுவைத்தது. பேரங்காடிக்கு அனுப்பப் போகிறீர்கள் என்றால் பார்கோடு எண் வழங்கும் அமைப்பான ஜிஎஸ்1 மலேசியாவில் பதிந்து 955இல் தொடங்கும் எண்ணை வாங்க வேண்டும். மனம்போன போக்கில் 955 போட்டு அடிக்காதீர்கள், அது வேறொருவருடைய பொருளின் எண்ணாக இருக்கலாம். 955 என்றால் மலேசியாவில் செய்தது என்று பலரும் நம்புகிறார்கள். அதுவும் தப்பு, எண் இங்கே பதிவானது என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

கடைசி இலக்கம் சரிபார்ப்பு இலக்கம். முதல் 12இல் ஒற்றைப்படை இடத்தில் உள்ளவற்றை அப்படியே கூட்டி, இரட்டைப்படை இடத்தில் உள்ளவற்றைக் கூட்டி மூன்றால் பெருக்கி அதோடு சேர்த்தால் வரும் தொகை, அடுத்த பத்துக்கு எவ்வளவு குறைகிறதோ அதுதான். மேலே சொன்ன 2000000000121இல் தொகை 9, அதனால் கடைசியில் 1.

டிசைனில் அழகைவிட அளவு முக்கியம். சாதாரண லேபல் பிரிண்டர் 203 டிபிஐ, அதாவது ஒரு மில்லிமீட்டருக்கு 8 புள்ளி. மெல்லிய கோடு முழுப் புள்ளிகளில் வர வேண்டும். மூன்று புள்ளி வைத்தால் 13 இலக்க பார்கோடு இரு பக்கத்து வெற்றிடத்தோடு சேர்த்து 42 மில்லிமீட்டர் சொச்சம் வரும், 50க்கு 30 மில்லிமீட்டர் லேபலில் தாராளமாக அடங்கும். மௌஸால் இழுத்துச் சுருக்கினால் கோடுகள் தாறுமாறாகி ஸ்கேனர் திணறும். ஏ4 ஸ்டிக்கர் தாளில் அடிப்பவர்கள் பக்கத்துக்குள் அடக்கு என்பதை எடுத்துவிட்டு அசல் அளவில் அடியுங்கள். இரு ஓரத்து வெற்றிடத்தில் விலையையோ பூவையோ கொண்டுபோய் வைக்காதீர்கள்.

அத்தை தீபாவளிக்கு மங்களகரமாகச் சிவப்பில் வேண்டும் என்றார். கல்லாவில் உள்ள ஸ்கேனரின் வெளிச்சமே சிவப்பு, வெள்ளைத் தாளில் சிவப்புக் கோடு அதற்குத் தெரியாது. மஞ்சள் தாளில் கறுப்புக் கோடு அடித்தேன். அத்தைக்கும் பிடித்தது, ஸ்கேனரும் படித்தது. இன்னொன்று, ரிப்பன் இல்லாமல் சூட்டிலேயே அச்சாகும் தாள் வெயிலிலும் எண்ணெய் பட்டாலும் மங்கிவிடும். வாசலோரம் அடுக்கும் பொட்டலத்துக்கு ரிப்பன் பிரிண்டர்தான் சரி.

அப்புறம் தமிழ். லேபலில் பெயரைத் தமிழிலும் போடச் சொன்னால் அந்தக் கம்பெனி ஆள், வராது, தேவையும் இல்லை என்றார். ஏன் வராது? சிஎஸ்வியை யுடிஎஃப்-8 என்று, அதாவது தமிழ் எழுத்தையும் தாங்கும் முறையில் சேமித்தால், தமிழுக்குப் பதில் கேள்விக்குறிகள் வராது, பிரிண்டருக்குள் இருக்கும் எழுத்துருவை விட்டுவிட்டு வின்டோஸ் எழுத்துருவைப் படமாக அனுப்பினால் கொத்தமல்லியின் கொம்பு தனியாக நிற்காது. சட்டம் விடாது என்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன்: 1985ஆம் ஆண்டு உணவு விதிகள் இங்கே பொட்டலமிடும் உணவுக்கு மலாய் கட்டாயம் என்கின்றன, கூடவே வேறு மொழியில் மொழிபெயர்ப்பு போடத் தடை இல்லை. தோட்டத்திலிருந்து வரும் பாட்டிகள் பலருக்குத் தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும். கிளினிக்கில் கொடுத்த மாத்திரைப் பையைக் கொண்டுவந்து கல்லாவில் வைத்து, இது காலையிலா ராத்திரியா, பார்த்துச் சொல்லும்மா என்கிறார்கள். பேனாவால் பையின் மேல் தமிழில் எழுதிக் கொடுப்பேன். பருப்புக் கடையில் அச்சிட முடிவது மருந்து கொடுக்கும் இடத்தில் ஏன் முடியாது என்று எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. கேள்விக்கு வெளியே போகிறேன், தெரியும்.

முழுச் சுருளையும் அடிப்பதற்கு முன் நாலைந்து லேபல் மட்டும் அடித்து கல்லா ஸ்கேனரில் பாருங்கள். கைப்பேசி எதையும் படித்துவிடும், அதை நம்ப முடியாது. உங்கள் பிரிண்டர் 203ஆ 300ஆ, லேபல் என்ன அளவு என்று கீழே எழுதினால் கோட்டுக்கு எத்தனை புள்ளி வைப்பது என்று சொல்கிறேன்.