ஆள் கிடைக்கவில்லை என்கிறார்கள், கூலி ஏன் ஏறவில்லை?

கேள்வி: ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் ஒன்பது வருடமாகத் தையல் வேலை செய்கிறேன். சுற்றிலும் எத்தனையோ கம்பெனிகள் இருந்தும் கூலி எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். முதலாளிகளோ ‘தைக்க ஆள் கிடைக்கவில்லை’ என்கிறார்கள். தட்டுப்பாடு என்றால் கூலி ஏற வேண்டாமா?
– வாசகி, பேரணாம்பட்டு

பதில்: அவர்கள் சொல்வது பொய்யல்ல, ஆனால் அதற்குள் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. நூறு பேருக்கு நாளொன்றுக்கு 400 ரூபாய் கொடுக்கும் கம்பெனிக்கு இன்னும் பத்துப் பேர் வேண்டும், அவர்கள் 420 கொடுத்தால்தான் வருவார்கள் என்று வைத்துக்கொள்வோம். புதியவர்களுக்கு மட்டும் கூட்டிக் கொடுத்தால், மறுநாள் காலை கம்பெனி பஸ்ஸிலேயே சேதி பரவிவிடும். பழைய நூறு பேருக்கும் 20 ரூபாய் ஏற்றியாக வேண்டும். ஆகவே அந்தப் பத்துப் பேருக்கு ஆகும் செலவு 4,200 அல்ல, 6,200, தலைக்கு 620. இதனால்தான் கூலி அசைவதில்லை, ‘ஆட்கள் தேவை’ என்ற பலகையும் வாசலை விட்டு இறங்குவதில்லை.

பொருளாதார அறிஞர் ஜோன் ராபின்சன் 1933-இல் இந்தக் கணக்கை விளக்கியபோது, வேலை கொடுப்பவர் ஒருவரே இருக்கும் சந்தையிலிருந்து தொடங்கினார். ஆனால் பலர் இருந்தாலும் இது பொருந்தும் என்றே எனக்குப் படுகிறது. எந்தக் கம்பெனியின் பஸ் உங்கள் தெருமுனைக்கு வருகிறதோ, எது பிள்ளைகள் பசியோடு காத்திருக்குமுன் உங்களை வீடு சேர்க்கிறதோ, அதில்தான் உங்களால் வேலை செய்ய முடியும். இருபது கம்பெனிகள் இருந்தாலும் உங்களுக்கு இருப்பவை ஒன்றோ இரண்டோதான். முதலாளிகள் கூடிப் பேசவும் தேவையில்லை. (அவர்களிடையே வாய்விட்டுச் சொல்லாத உடன்பாடு எப்போதும் உண்டு என்று ஆடம் ஸ்மித் 1776-இலேயே எழுதியிருக்கிறார்.)

சட்டமே எல்லாருக்கும் 420 என்று வைத்துவிட்டால், பழையவர்களுக்கு அதை எப்படியும் கொடுத்தாக வேண்டும் என்பதால், புதிதாக ஒருவரைச் சேர்க்கும் செலவு 620-இலிருந்து 420-ஆக இறங்குகிறது. ஆகவே கூலி ஏறினால் வேலை குறைந்தே தீரும் என்பதில்லை. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் 1992-இல் குறைந்தபட்ச ஊதியத்தை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05-ஆக உயர்த்தியபோது, அதை உயர்த்தாத அண்டை மாநிலமான பென்சில்வேனியாவோடு ஒப்பிட்ட பொருளாதார அறிஞர்கள் டேவிட் கார்டும் ஆலன் குரூகரும், துரித உணவகங்களில் வேலை குறையவில்லை என்று கண்டார்கள். இதற்கும் எல்லை உண்டு. வெளிநாட்டு ஆர்டர் வேறிடம் போகும் அளவுக்கு ஏற்றினால் தையல் பிரிவே மூடப்படலாம்.

மத்திய அரசு நிர்ணயிக்கும் தரை ஊதியத்துக்குக் கீழே எந்த மாநிலமும் குறைந்தபட்ச ஊதியம் வைக்கக் கூடாது என்கிறது 2019-இல் நிறைவேறிய ஊதியச் சட்டத் தொகுப்பு. அந்தத் தரையே தாழ்வாக இருந்தால் உங்களுக்குப் பயனில்லை. இப்போதைக்கு, சம்பளச் சீட்டில் உள்ள அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் கூட்டி, உங்கள் தொழிலுக்கு மாநில அரசு அறிவித்துள்ள தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். குறைந்திருந்தால், அந்தச் சீட்டின் நகலோடு தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனுக் கொடுக்கலாம்.