ரோவர் 2000-ஆ, ட்ரையம்ஃப் 2000-ஆ? கேள்வி பதில்

கேள்வி: சார், இந்த இரண்டையும் ஏன் எப்போதும் ஜோடி சேர்த்தே பேசுகிறார்கள்?

பதில்: இரண்டும் பிரிட்டிஷ் கார்கள். 1963 அக்டோபரில், லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் ஒன்றாக வெளிவந்தவை. ரோவர் சோலிஹல்லில் தயாரானது, ட்ரையம்ஃப் பக்கத்திலிருக்கும் கோவென்ட்ரியில். 1968-இல் பிரிட்டிஷ் லேலாண்ட் என்ற பெரிய கார் கம்பெனி உருவானதும் ஒரே வீட்டுப் பங்காளிகளாகிவிட்டார்கள். 1977-இல் இரண்டு வரிசைகளின் தயாரிப்பும் நின்றது.

கேள்வி: பொறியியலில் எது மேல்?

பதில்: ரோவர்தான், சந்தேகமே வேண்டாம். உள்ளே இரும்புக் கூடு. கதவு, பானெட், கூரை எல்லாம் அதன்மேல் போல்ட் போட்டு மாட்டியவை. பின்னால் டி டியோன் அச்சு: டிஃபரன்ஷியல் (இரு சக்கரத்துக்கும் விசையைப் பிரிக்கும் பல்சக்கரப் பெட்டி) காரின் உடலோடு நிற்கும், சக்கரங்களை ஒரு குழாய் இணைக்கும். நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். முன் ஸ்பிரிங்குகளைப் படுக்கைவாட்டில் வைத்திருப்பார்கள். விமான எஞ்சின் மாதிரியான கேஸ் டர்பைன் எஞ்சினை வைக்க இடம் வேண்டும் என்று அன்றைக்கே யோசித்தார்கள்! ஐரோப்பாவின் சிறந்த கார் விருது முதன்முதலில், 1964-இல், இதற்குத்தான் கிடைத்தது.

கேள்வி: அப்போ ட்ரையம்ஃபை ஏன் விரும்புகிறார்கள்?

பதில்: ஆறு சிலிண்டர் எஞ்சின். ரோவரின் நான்கு சிலிண்டர் இழுவையில் கொஞ்சம் முரடு. ட்ரையம்ஃப் வழுக்கிக்கொண்டு போகும். பின்சீட்டில் மூன்று பேர் உட்காரலாம். ரோவரில் இரண்டு பேருக்குத்தான் சீட் வடித்திருக்கிறார்கள். உருவம் இத்தாலியர் மிக்கெலோட்டி வரைந்தது. நம் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டும் அவர் கைவண்ணமே. அதனால் எனக்கு இதன்மேல் தனிப் பிரியம். ஒரே குறை, வளைவில் ஆக்சிலரேட்டரை விட்டால் பின்பக்கம் சட்டென்று ஒரு உதறு உதறும்.

கேள்வி: லெஸ்டரில் பளபளப்பான ரோவர் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. என்ன பார்க்கணும் அண்ணா?

பதில்: பளபளப்பைப் பார்க்காதீங்க தம்பி. மேல்தகடுகளைக் கழற்றி மாட்டலாம் என்பதால் புதுசாக்குவது எளிது, துரு உள்கூட்டில் இருக்கும். பின்சீட் மெத்தையைத் தூக்கி, ஓரங்களை விரலால் அழுத்துங்கள். நான் முதலில் பார்த்த ரோவரில் விரல் அழுத்திய இடம் பிஸ்கட் மாதிரி நொறுங்கியது. வெளியே ஒரு கீறல் இல்லை. வாங்காமல் திரும்பினேன். பின் டிஸ்க்குகளும் சக்கரத்தருகே இல்லை, நடுவில் டிஃபரன்ஷியலை ஒட்டி இருக்கின்றன. பேட் மாற்ற மெக்கானிக் அடியில் படுத்துத்தான் ஆகணும்.

கேள்வி: ட்ரையம்ஃப் 2.5 பிஐ, அதான் பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் மாடல், வாங்கலாமா?

பதில்: ஓட்டினால் விடமாட்டீர்கள். ஆனால் லூகாஸ் இன்ஜெக்‌ஷனின் பெட்ரோல் பம்ப் சூடாகி மக்கர் பண்ணும். முறையாகச் சரிசெய்யத் தெரிந்தவர் அருகில் இல்லாவிட்டால், இரட்டை கார்புரேட்டர் கொண்ட ட்ரையம்ஃப் 2500 மாடலை எடுங்கள். முதல் பழைய கார் என்றால் என் ஓட்டு அதற்குத்தான். எதை எடுத்தாலும் ஒரு சோதனை: ஒருவரைக் கிளட்சை மிதிக்கச் சொல்லி, முன்னால் நின்று எஞ்சின் முன்முனையில் பெல்ட் ஓடும் சக்கரமான கிராங்க் புல்லியைக் கவனியுங்கள். கண்ணுக்குத் தெரியும்படி முன்னே நகர்ந்தால், உள்ளே கிராங்க் தண்டு முன்பின் நகராமல் தடுக்கும் த்ரஸ்ட் வாஷர் போய்விட்டது.