ரெண்டு கிட், ஒரு கார்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, என்கிட்ட ஏ.எம்.டி கம்பெனியோட 1929 ஃபோர்டு ரோட்ஸ்டர் கிட் (நாமளே ஒட்டிக் கட்டுற பிளாஸ்டிக் மாடல் கார்) ஒண்ணு இருக்கு, பாடி நல்லா இருக்கு, சேஸிஸ் உடைஞ்சு போச்சு. ரெவெல் 1932 ஃபோர்டு கிட் ஒண்ணு பாதி கட்டி நிக்குது, அதுல சேஸிஸ் முழுசா இருக்கு. ரெண்டுமே 1/25 ஸ்கேல், அதாவது நிஜ கார்ல இருபத்தஞ்சுல ஒரு பங்கு. வீல் மட்டும் ஜப்பான் கிட்ல இருந்து எடுத்தது, அது 1/24. எல்லாத்தையும் சேர்த்தா ஒழுங்கா வருமா, இல்ல பொம்மை கார் மாதிரி ஆயிடுமா?
- கோவை வாசகர்

பதில்: தாராளமா சேருங்க தம்பி. நீங்க கேக்குறத அமெரிக்காவுல நிஜ கார்லயே செஞ்சிருக்காங்க. 1928-ல இருந்து 1931 வரைக்கும் வந்த ஃபோர்டு மாடல் ஏ (உங்க 1929-ம் அதுதான்) பாடிய தூக்கி 1932 ஃபோர்டு சேஸிஸ் மேல உக்கார வெக்கிறது ஹாட் ராட், அதாவது பழைய கார வேகத்துக்காக மாத்திக் கட்டுறவங்களோட ரொம்ப பழைய வழக்கம். 1932 சேஸிஸ்ல ரெயில் (ரெண்டு பக்கமும் நீளமா ஓடுற சட்டம்) வெளியவே தெரியும், பக்கவாட்டுல நீளமா ஒரு கோடு ஓடும், மட்கார்டு எல்லாம் கழட்டிட்டு பாத்தாலும் அது மொட்டையா இருக்காது, அதான் எல்லாரும் அது பின்னாடியே போனாங்க. ஃபோர்டோட ஃப்ளாட்ஹெட் வி8 என்ஜின் வந்ததும் அதே 1932-லதான், 221 கியூபிக் இன்ச், 65 குதிரைசக்தி. அதனால உங்க கார் ரெண்டு கிட் கலந்ததுன்னு யாரும் குறை சொல்ல முடியாது, நிஜத்துல ஓடுனதே அப்படித்தான்.

இப்ப அளவுக்கு வருவோம், எல்லாமே இங்கதான் இருக்கு. 1/25-ல ஒரு சவுகரியம், நிஜ கார்ல ஒரு இன்ச்னா மாடல்ல கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர். மனசுலயே கணக்கு போட்டுக்கலாம். மாடல் ஏ வீல்பேஸ் (முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் இடையில உள்ள தூரம்) 103.5 இன்ச், 1932 ஃபோர்டு 106 இன்ச். வித்தியாசம் 2.5 இன்ச், அதாவது உங்க மேஜையில ரெண்டரை மில்லிமீட்டர். இந்த ரெண்டரை மில்லிமீட்டர எங்க கொண்டுபோய் வெக்கிறீங்கங்கறதுலதான் கார் அழகா நிக்குமா இல்லையான்னு இருக்கு. பின் வீல பாடியோட வீல் வளைவுக்கு நேரா வெச்சிடுங்க, அங்க ஒரு மில்லிமீட்டர் தள்ளினாலும் கண்ணு நேரா அங்கதான் போகும். மிச்சத்த முன்பக்கம் விட்டுடுங்க, முன் ஆக்ஸில் கொஞ்சம் முன்னாடி நின்னா ஹாட் ராடுக்கு அது இன்னும் நல்லாத்தான் இருக்கும். பானெட் நீளம் பத்தாது, ஆனா நிறைய பேரு பானெட்டே இல்லாமதான் ஓட்டினாங்க, என்ஜின காட்டிடுங்க.

இன்னொரு விஷயம், மாடல் ஏ பாடி முன்பக்கம் ஒடுக்கமா இருக்கும், 1932 ரெயில் அந்த இடத்துல பாடிய தாண்டி வெளிய துருத்திக்கிட்டு நிக்கும். நிஜ கார்ல ரெயில அந்த இடத்துல உள்பக்கமா ஒடுக்குவாங்க. நீங்களும் ரெயிலோட உள்பக்கத்துல ரேசர் ரம்பத்தால பாதி ஆழம் வரைக்கும் ஒரு கீறல் போட்டு, மெதுவா உள்ள மடக்கி, ரெண்டு ரெயிலையும் இணைக்கிற குறுக்குச் சட்டத்த (கிராஸ் மெம்பர்) அந்த அளவுக்கு சின்னதாக்கி ஒட்டுங்க. ரெண்டு பக்கமும் ஒரே அளவு மடங்கியிருக்கான்னு ஸ்கேல் வெச்சு பாருங்க, கண்ண நம்பாதீங்க.

1/24 வீல பத்தி பயப்படவே வேண்டாம். 1/24-க்கும் 1/25-க்கும் நாலு சதவீதம்தான் வித்தியாசம். 15 இன்ச் ரிம் 1/24-ல 15.9 மி.மீ., 1/25-ல 15.2 மி.மீ., யாரு கண்டுபிடிக்கப் போறா? ஹாட் ராடுக்கு பின்னாடி பெரிய டயர், முன்னாடி சின்ன டயர்ங்கறது வழக்கம்தான், 1/24 வீல பின்னாடி போடுங்க, பொருத்தமாவே இருக்கும். நாலு சதவீதம் மாட்டி விடுறது நீளமான சாமான்லதான். இதே 1932 ஃபோர்டு சேஸிஸ் 1/24-ல 112 மி.மீ. வீல்பேஸ், 1/25-ல 108-க்கு கொஞ்சம் கம்மி, நாலரை மில்லிமீட்டர் போச்சு. அதனால வீல், டயர், கார்புரேட்டர், லைட், ஸ்டீயரிங் இதெல்லாம் எந்த கிட்ல இருந்து வேணா எடுங்க, ஆனா பாடி, சேஸிஸ், சீட்டு, கண்ணாடி மட்டும் ஒரே ஸ்கேல்ல இருக்கட்டும். சீட்டு ஏன்னா ரோட்ஸ்டர் உள்பக்கம் திறந்தே கிடக்கும், அகலமான சீட்டு உள்ள இறங்கவே இறங்காது.

பசை தொடுறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் மாஸ்கிங் டேப்பு போட்டு கட்டி, ஒரு கண்ணாடித் துண்டு மேல நிக்க வெச்சு பாருங்க. நாலு டயரும் தரையில படணும். ஒரு நாள் ரெண்டு நாள் அப்படியே மேஜையில வெச்சு போற வர்ற நேரம் எல்லாம் பாருங்க, உயரம் சரியில்லன்னா அப்பவே தெரிஞ்சிடும்.

அப்புறம் இது எந்த வருஷத்து கார்னு முதல்லயே முடிவு பண்ணிக்கோங்கன்னு நான் அடிச்சு சொல்லுவேன். 1949-ல அமெரிக்காவுல பானவில் உப்புத் திடல்ல முதல் ஸ்பீடு வீக் (கார் வேக ஓட்டம்) நடந்துச்சு, அங்க போற கார் மாதிரி கட்டுறீங்கன்னா ஃப்ளாட்ஹெட் என்ஜின், 16 இன்ச் இரும்பு வீல், மெல்லிசான டயர். செவர்லே ஸ்மால் பிளாக் வி8 என்ஜின் 1955 மாடலோடதான் வந்துச்சு, அத போட்டா உங்க கார் 1955-க்கு அப்புறம் கட்டுனது, அப்ப வீலும் பெயிண்டும் அதுக்கேத்த மாதிரி மாறணும். இந்த ஒரு முடிவு எடுத்துட்டா உதிரி டப்பாவுல எது வேணும் எது வேண்டாம்னு தானா தெரிஞ்சிடும்.

கேள்வி: வேற கிட்ல இருந்து எடுத்த க்ரோம் சாமான் பளபளன்னு கண்ண உறுத்துது, சிலதுல அச்சு சேர்ற இடத்து தையல் கோடும் இருக்கு. க்ரோம எப்படி எடுக்குறது? பசையும் பிடிக்க மாட்டேங்குது.
- சேலம் வாசகர்

பதில்: அது நிஜ க்ரோம் இல்ல, பிளாஸ்டிக் மேல லாக்கர் அடிச்சு அதுக்கு மேல அலுமினியத்த மெல்லிசா படிய வெச்சது. பசை பிடிக்காததுக்கும் அதான் காரணம், பிளாஸ்டிக்க தொட்டாத்தான் அது ஒட்டும். ஒட்டுற இடத்துல மட்டும் கத்தியால சுரண்டினா போதும். முழுசா எடுக்கணும்னா துணிக்கு போடுற ப்ளீச்ல ஊற வைங்க, அலுமினியம் கரைஞ்சு போயிடும், அடியில இருக்கிற லாக்கர் மிச்சம் இருந்தா இருக்கட்டும், பிரைமர் (பெயிண்டுக்கு முன்னாடி போடுற அடிப்பூச்சு) அடிச்சுக்கலாம். ஒண்ணு மட்டும் ஞாபகம் வைங்க, அந்த ப்ளீச்சோட பாத்ரூம் கழுவுற ஆசிட எந்த காரணத்துக்கும் கலந்துடாதீங்க, குளோரின் வாயு வரும், உயிருக்கே ஆபத்து.

கேள்வி: ஃபெவிக்விக் போதுமா, மாடல் சிமெண்ட்டுன்னு தனியா காசு போட்டு வாங்கணுமா?
- நெல்லை வாசகர்

பதில்: வாங்குங்க. மாடல் சிமெண்ட் ரெண்டு பக்க பிளாஸ்டிக்கையும் இளக்கி ஒண்ணாக்கிடும், அப்புறம் அந்த இடத்த அறுத்தாலும் ராவினாலும் தாங்கும். ஃபெவிக்விக் மேல உக்காந்துக்கிட்டு நிக்கும், ஒரு தட்டு தட்டினா விட்டுடும். ஆனா ரெசின் சாமான், இரும்பு ஆக்ஸில் இதுக்கெல்லாம் சிமெண்ட் வேலைக்கு ஆகாது, அங்க ஃபெவிக்விக்கோ அரால்டைட்டோதான். கண்ணாடி பக்கம் ஃபெவிக்விக்க கொண்டு போகவே கூடாது, ஆவி பட்டே வெள்ளையா பூத்துடும். கண்ணாடிக்கு சாதா ஃபெவிகால், காஞ்சா நிறமே தெரியாது. சந்து விழுந்த இடத்துக்கு ஹார்டுவேர் கடை எம்-சீல் போதும், நல்லா இறுகினதும் உப்புத்தாள்ல 400, அப்புறம் 1000 நம்பர் தண்ணி பேப்பர்.

கேள்வி: 1932 ஃபோர்டு கூப்பேயோட கூரைய தாழ்த்தணும். புதுசா ஆரம்பிக்கிறவனால முடியுமா?
- புதுச்சேரி வாசகர்

பதில்: முதல் முறைக்கு இத விட நல்ல கார் கிடையாது. கண்ணாடி தட்டை, கூரைய தாங்குற தூண் எல்லாம் கிட்டத்தட்ட நேரா நிக்கும். மூணு இன்ச் தாழ்த்தணும்னா மூணு மில்லிமீட்டர், அவ்வளவுதான். மூணு மி.மீ. அகலத்துக்கு டேப்ப வெட்டி எல்லா தூணுலயும் ஒரே உயரத்துல சுத்தி ஒட்டுங்க, டேப்போட மேல ஓரத்துல ஒரு வெட்டு, கீழ ஓரத்துல ஒரு வெட்டு. எல்லா தூணையும் முழுசா அறுத்துடாம ஒண்ண விட்டுட்டு கடைசியா அறுங்க, இல்லன்னா ரம்பம் அழுத்தத்துல பாடி முறுக்கிக்கும். கண்ணாடிய ஓ.எச்.பி ஷீட்ல (கண்ணாடி மாதிரி தெளிவான பிளாஸ்டிக் தாள்) வெட்டிக்கலாம். 1949 மெர்குரி மாதிரி சாஞ்ச தூண் இருக்கிற கார்ல இதே வேலைய செஞ்சா தூண் ஒண்ணுக்கொண்ணு நேரா வராது, கூரையையே அறுத்து நீட்டணும், அத ரெண்டு மூணு கார் கட்டுனதுக்கு அப்புறம் பாத்துக்கலாம்.

கேள்வி: என் பையன் பத்தாவது படிக்கிறான், பெட்ரூம்ல உக்காந்து ஸ்ப்ரே அடிக்கிறான், வீடு முழுக்க நாத்தம். பெயிண்டும் சுருங்கி சுருங்கி போகுதுன்னு அழுவுறான். என்ன சொல்றது?
- சென்னை வாசகி

பதில்: அம்மா, அவன மொட்டை மாடிக்கோ பால்கனிக்கோ அனுப்பிடுங்க, நல்ல மாஸ்க் ஒண்ணு வாங்கி குடுங்க, தின்னர் ஆவி படிக்கிற பையனுக்கு ஆகாது. ராவுறதையும் தண்ணி தொட்டு ராவச் சொல்லுங்க, தூசி மூக்குக்குள்ள போகாது.

சுருங்குதுன்னா எனாமல் மேல லாக்கர் அடிக்கிறான்னுதான் எனக்கு தோணுது, ரெண்டும் வேற வேற வகை பெயிண்ட். லாக்கர் மேல எனாமல் அடிக்கலாம், தலைகீழா அடிச்சா அடியில இருக்கிறது கிளம்பி வந்துடும். வெறும் பிளாஸ்டிக் மேல கார் பெயிண்ட் நேரா அடிச்சாலும் பிளாஸ்டிக் வெந்த மாதிரி ஆயிடும், முதல்ல பிரைமர மெல்லிசா தூவி தூவி அடிக்கணும். கலந்து கட்டுறவங்களுக்கு பிரைமர் ரொம்ப முக்கியம், ஒரு சாமான் வெள்ளை, ஒண்ணு கருப்பு, ஒண்ணு சிவப்புன்னு இருக்கும், சிவப்பு பிளாஸ்டிக் மேல வெளிர் நிறம் அடிச்சா சாயம் ஊறி மேல வந்துடும். ஐப்பசி, கார்த்திகை மழையில அடிக்க வேண்டாம்னு சொல்லுங்க, ஈரக் காத்துல லாக்கர் மேல வெள்ளையா படலம் பூக்கும், வெயில் வந்த நாள்ல காலையில பத்து மணிக்கு மேல அடிக்கட்டும்.

கேள்வி: பழைய கிட்ட திறந்தா டயர் பட்ட இடத்துல பாடி உருகிப் போயிருக்கு. ஏன்?
- மதுரை வாசகர்

பதில்: அந்த வினைல் டயர்ல இருக்கிற எண்ணெய் மாதிரியான பொருள் மெல்ல வெளிய வந்து பிளாஸ்டிக்க தின்னுடும். டயர தனி கவர்ல போட்டு வைங்க, பாடிய தொட விடாதீங்க. உருகின இடத்த எம்-சீல் வெச்சு சரி பண்ணிடலாம்.