வேப்பிலை இருக்கட்டும், மாத்திரையும் வேண்டும்

கேள்வி: எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. 'சாமி கும்பிடுவதால் யாருக்கு என்ன கெடுதல்? நம்பாதவர் பொறுத்துப் போக வேண்டியதுதானே' என்கிறார்கள் வீட்டில். இப்போது மைத்துனனுக்கு (வயது 24) சின்னம்மை போட்டிருக்கிறது. நேற்று மாலைதான் முத்து தெரிந்தது. 'ஆத்தா இறங்கியிருக்கா, மருந்து கொடுத்தா கோபம் கூடும்' என்கிறார் மாமியார். வளைகாப்பு முடிந்து என் மனைவியும் அதே வீட்டில் இருக்கிறாள். பொறுத்துப் போகவா?
— ஒரு வாசகர், விழுப்புரம்

பதில்: மாமியாரின் பக்தியைப் பொறுத்துக்கொள்ளுங்கள். அவர் மருந்தைத் தடுப்பதைப் பொறுக்காதீர்கள். பக்தி அவருடையது, ஆனால் உடம்பு மைத்துனனுடையது.

அம்மை கண்ட வீட்டில் செய்வதெல்லாம் கெடுதலும் இல்லை. வாசலில் செருகிய வேப்பிலை 'உள்ளே வராதே' என்று தெருவுக்கே சொல்கிறது. முத்து தெரிய இரண்டு நாள் முன்பிருந்து, எல்லாம் பொருக்குத் தட்டும்வரை ஒட்டிக்கொள்ளும் நோய் இது. அந்த நாட்களில் யாரும் வீட்டுக்குள் வராமலிருப்பது நல்லதுதான். தாளிக்காத சாப்பாடு, இளநீர், கூழ் எல்லாம் வாய்ப்புண்ணோடு இருப்பவருக்கு எளிதாக இறங்கும். இவற்றுக்காகச் சண்டை போட்டால், போட வேண்டிய சண்டைக்கு உங்களிடம் பலம் இருக்காது.

சண்டை இரண்டு இடத்தில். ஒன்று, தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள்வரை குளிக்கக் கூடாது என்பது. வியர்வையும் அழுக்கும் சேர்ந்து, சொறிந்த முத்தில் சீழ் பிடிக்கும். வெதுவெதுப்பான நீரில் குளித்து, தேய்க்காமல் ஒற்றித் துடைக்கட்டும். நகத்தை ஒட்ட வெட்டுங்கள்.

மற்றொன்று மருந்து. பெரியவர்களுக்கு அம்மை வந்தால் குழந்தைகளைவிட நுரையீரல் பாதிப்பு அதிகம். அம்மைக் கிருமியை அடக்கும் அசைக்ளோவிர் மாத்திரை, முதல் முத்து தெரிந்த 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். பெரியவர்களுக்கு வழக்கமாக 800 மில்லிகிராம், நாளைக்கு 5 வேளை, 7 நாள் என்று மருத்துவர் எழுதுவார். எனவே இதைப் படித்ததும் கிளம்புங்கள். நேரம் கடந்திருந்தாலும் காட்டாமல் விடாதீர்கள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரினும் இபுபுரூஃபனும் வேண்டாம். மூச்சு வாங்கினாலோ, பேச்சு குழறினாலோ, நான்காம் நாளுக்குப் பிறகும் காய்ச்சல் விடாவிட்டாலோ நேரே பெரிய ஆஸ்பத்திரிதான்.

உங்கள் மனைவி விஷயம் இன்னும் அவசரம். அவருக்குச் சின்ன வயதில் சின்னம்மை வந்ததா என்று மாமியாரிடமே கேளுங்கள். வரவில்லை, அல்லது நினைவில்லை என்றால் இன்றே அவரைப் பார்க்கும் மகப்பேறு மருத்துவரிடம் போனில் சொல்லுங்கள். மற்ற கர்ப்பிணிகள் உட்கார்ந்திருக்கும் வரிசையில் போய் உட்கார வைக்காதீர்கள். ரத்தப் பரிசோதனையில் எதிர்ப்பாற்றல் இல்லை என்று தெரிந்தால், எதிர்ப்பாற்றல் தரும் இம்யூனோகுளோபுலின் ஊசி இருக்கிறது. நோயாளியோடு இருந்த 10 நாளுக்குள் போட வேண்டும். சின்னம்மைத் தடுப்பூசியைக் கர்ப்ப காலத்தில் போடக் கூடாது. எதிர்ப்பாற்றல் இருக்கிறது என்று தெரியும்வரை அவர் வேறு வீட்டில் இருக்கட்டும். ஆனால் குழந்தைகளோ கர்ப்பிணிகளோ இருக்கும் வீடாக அது இருக்கக் கூடாது, ஏனென்றால் அவருக்கே தொற்றியிருக்கவும் கூடும்.

மாமியாரிடம் சாமி இல்லை என்று வாதாடாதீர்கள். ஊர் ஊராக ஆளை வாரிக்கொண்டு போன பெரியம்மை இந்தியாவில் கடைசியாக வந்தது 1975-இல். தடுப்பூசிதான் அதை ஒழித்தது. அதற்காக எந்த மாரியம்மன் கோயிலும் மூடப்படவில்லை. சமயபுரத்துக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்துவிட்டே மாத்திரையும் கொடுக்கட்டும்.

கேள்வி: எங்கள் தெருவில் அம்மன் கோயில், பின்தெருவில் பள்ளிவாசல், முனையில் ஜெபக்கூடம். விடியற்காலை 4.30-க்கே ஒலிபெருக்கி தொடங்கிவிடுகிறது. சகிப்புத்தன்மை என்று காதைப் பொத்திக்கொள்ளத்தான் வேண்டுமா?
— ஒரு வாசகி, ஆவடி

பதில்: வேண்டாம். சென்னையில் ஒரு குடியிருப்போர் சங்கத்துக்கும் ஒரு தேவாலயத்துக்கும் நடந்த வழக்கில், மற்றவர் அமைதியைக் குலைத்து வழிபடச் சொல்லும் மதம் எதுவும் இல்லை என்று 2000-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அதே ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாவுக்காக மாநில அரசு ஆண்டுக்கு 15 நாள் வரை விலக்கு தரலாம். அதுவும் நள்ளிரவு 12 வரைதான். விடியற்காலை 4.30-க்கு எந்த மாதத்திலும் விலக்கு இல்லை. குடியிருப்புப் பகுதிக்கு அளவு பகலில் 55 டெசிபல், இரவில் 45. செல்போன் செயலி காட்டும் எண்ணை வைத்துப் புகார் எழுதிச் சிலர் தோற்கிறார்கள், அது தோராயமானது. உங்களுக்கு அந்த எண்ணே தேவையில்லை. 6 மணிக்கு முன் ஒலித்தாலே விதிமீறல்.

முதலில் நிர்வாகிகளைப் பாருங்கள். கோபுரத்தில் தெருவைப் பார்த்துக் கட்டிய கூம்பைக் கழற்றிவிட்டு, உள்ளே பெட்டி ஒலிபெருக்கி வைக்கச் சொல்லுங்கள். பாதிப் பேர் ஒத்துக்கொள்வார்கள். மூன்று இடத்துக்கும் போங்கள். ஒன்றை மட்டும் கேட்டால் அது மதச் சண்டையாகிவிடும். அவர்கள் சொன்னதைக் கேட்காவிட்டால் ஒரு வாரம் தேதியும், தொடங்கிய, முடிந்த நேரமும் குறித்து, நாலைந்து வீட்டார் கையெழுத்தோடு காவல் நிலையத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். ஒலிபெருக்கிக்கு எழுத்து மூலம் அனுமதி வாங்கியிருக்கிறார்களா என்றும் அந்த மனுவிலேயே கேளுங்கள்.