எல்லா ஜோன்சனும் ஒரு வீட்டு ஆக்களோ? பேட்டன்ட் கேள்வி-பதில்

பேட்டன்ட் தேடுறது எப்பிடி எண்டு போன முறை எழுதினாப்பிறகு வந்த கேள்வியள்ல அரைவாசி பேரைப் பற்றினது. ஒரே சர்நேம் கன இடத்தில வருது, குழம்புது எண்டு. எங்கட சட்டத்தில ஆக்கவுரிமை எண்டுதான் சொல், இந்தியாவில காப்புரிமை எண்டுவினம், நான் வாயில வாற மாதிரி பேட்டன்ட் எண்டே எழுதிக்கொண்டு போறன், குறை நினைக்காதேங்கோ.

தெமட்டகொடையில இருந்து ஒரு உம்மா: "நானா, மகள்ட ஸ்கூல் புரொஜெக்டுக்கு கண்டுபிடிப்பாளர் ஒருத்தரப் பத்தி எழுதணும். ஐஸ்கிரீம் மெஷின், தண்ணித் துவக்கு, தெர்மோஸ்டட், எதத் தேடினாலும் ஜோன்சன்னு தான் ஈக்குது. ஒரே குடும்பமா? பேபி பவுடர் ஜோன்சனும் இவங்க தானா?"

இல்லை தங்கச்சி, ஒருத்தருக்கு ஒருத்தர் சொந்தமில்லை. ஜோன்சன் எண்டா ஜோனின்ட மகன், அவ்வளவுதான். நாங்கள் அப்பான்ட பேரை முன்னுக்கு இனிஷலா போடுறம், அவை ஒரு காலத்தில பின்னுக்கு போட்டுக்கொண்டு வந்தது அப்பிடியே உறைஞ்சு குடும்பப் பேராப் போச்சு. உலகத்தில எத்தனை ஜோனுக்கு மகன் பிறந்திருப்பான் எண்டு யோசிச்சுப் பாருங்கோ.

மகள் ஒருத்தரை மட்டும் எடுக்கிறதெண்டா நான் நான்சி ஜோன்சனைத்தான் சொல்லுவன். பிலடெல்பியா மனுசி, 1843 செப்டம்பர் 9, அமெரிக்க பேட்டன்ட் நம்பர் 3,254. அதுக்கு முதல் ஐஸ்கிரீம் எண்டா ஐசுக்குள்ள பாத்திரத்தை இறக்கி வச்சு, திறந்து திறந்து கையால கிண்டி, ஓரத்தில உறைஞ்சதை சுரண்டி, திருப்பி மூடி, கை விட்டுப்போற வேலை, அதால பணக்கார வீட்டுச் சாப்பாடு. இவ செய்தது ஒரு மர வாளி, அதுக்குள்ள ஒரு தகர உருளை, ரெண்டுக்கும் நடுவில ஐசும் உப்பும், உருளைக்குள்ள ஓட்டை போட்ட பலகைத் துடுப்பு, மேல ஒரு கைபிடி. மூடியைத் திறக்காமலே சுத்திக்கொண்டிருக்கலாம், துடுப்பு ஓரத்தில உறையிறதை வழிச்சு நடுவுக்கு தள்ளிக்கொண்டே இருக்கும், அதாலதான் கட்டி கட்டியா இல்லாம வழுவழுப்பா வாறது. உப்பு ஏன் எண்டு ஆரும் கேட்டா, உப்பு பட்ட ஐஸ் பூச்சியத்துக்கும் கீழ போய்த்தான் உருகும், அந்தக் கூடுதல் குளிர் இல்லாட்டி பால் உறையாது. 1848ல வில்லியம் யங் எண்டவர் இதைத் திருத்தி விக்கேக்கயும் ஜோன்சன் எண்ட பேரை விடேல்லை. வீட்டில ஒரு பெரிய டின்னுக்குள்ள சின்ன டின்னை வச்சு செய்து காட்டலாம், டீச்சருக்கும் ஒரு கரண்டி குடுக்கலாம்.

மற்ற ஜோன்சன்மாரையும் சுருக்கமா சொல்லுறன். வாரன் ஜோன்சன் விஸ்கொன்சின்ல வாத்தியார், வகுப்பு சூடா குளிரா எண்டு பாக்க வேலையாள் அடிக்கடி கதவைத் திறந்து வந்து பாடத்தைக் குழப்புறது பொறுக்காம, அறைச் சூடு மாறினா அறிவிக்கிற மின்சார தெர்மோஸ்டட் செய்து 1883ல பேட்டன்ட் எடுத்தவர். ரெனோல்ட் ஜோன்சனும் வாத்தியார்தான், மிச்சிகன்ல. பென்சில் கோட்டில மின்சாரம் ஓடும் எண்டதை வச்சு விடைத்தாள் திருத்துற மெஷின் செய்தவர், ஐபிஎம் அதையும் வாங்கி ஆளையும் வேலைக்கு எடுத்தது, பேந்து 1956ல வந்த முதல் ஹார்ட் டிஸ்க் அவற்ற குழு செய்தது. 24 அங்குலத் தட்டு 50, எல்லாம் சேத்து 5 எம்பி, இண்டைக்கு உங்கட ஃபோன்ல ஒரு படம் அவ்வளவு வரும். நாங்கள் எம்சிகியூல போட்ட புள்ளடியை இப்பிடி ஒரு மெஷினால திருத்தலாம் எண்டு முதல் யோசிச்ச ஆக்கள்ல ஒருத்தர் எண்டதால இந்த மனிசன்ல எனக்கு கொஞ்சம் கோவமும் இருக்கு.

தண்ணித் துவக்கு லொனி ஜோன்சன். நாசாவில வேலை செய்த எஞ்சினியர். 1982ல வீட்டு பாத்ரூம் சிங்க்கில வச்சு, சூட்டை ஒரு இடத்தில இருந்து இன்னொரு இடத்துக்கு கடத்துற ஹீட் பம்ப், வாயுவுக்குப் பதிலா தண்ணியில ஓடுறது ஒண்டை சோதிச்சுப் பாக்க, குழாய்நுனியால தண்ணி பாத்ரூமின்ட மற்றப் பக்கம் மட்டும் சீறிக்கொண்டு போயிருக்கு. விளையாட்டுச் சாமான் பொறி தட்டினது அங்கதான். பிள்ளையின்ட கைக்கு ஒரேயடியா அவ்வளவு அமுக்கம் குடுக்க ஏலாது, ஆனா கொஞ்சம் கொஞ்சமா பம்ப் பண்ணி காத்தைச் சேத்து வைக்க ஏலும், அவற்ற டிசைன்ட உயிரே அதுதான். பேட்டன்ட் 4,591,071, 1986 மே 27. கடைக்கு வந்தது 1990ல. 2013ல ரோயல்டி பாக்கிக்கு நடுவர் தீர்ப்பில 72.9 மில்லியன் டொலர் அவருக்கு கிடைச்சது.

இன்னொருத்தர் குத்துச்சண்டை சம்பியன் ஜாக் ஜோன்சன், ரென்ச் ஒண்டுக்கு 1922ல பேட்டன்ட் எடுத்தவர். மங்கி ரென்ச்சை கண்டுபிடிச்சவர் அவர்தான் எண்டு வட்சப்ல ஒரு கதை சுத்துது, பொய், அந்தப் பேர் அவர் பிறக்க முதலே இருக்கு.

பேபி பவுடர் ஜோன்சன் வேற ஆக்கள், 1886ல நியூ ஜேர்சியில மூண்டு சகோதரங்கள் தொடங்கின கொம்பனி. அங்க பகிடி என்னெண்டா, அந்த கொம்பனின்ட பேர்போன பிளாஸ்டரை யோசிச்சவர் ஜோன்சன் இல்லை, ஏர்ல் டிக்சன் எண்ட வேலையாள், குசினியில மனுசி அடிக்கடி கையை வெட்டிக்கொள்ளுறா எண்டு 1920ல செய்தது.

கொட்டாஞ்சேனையில இருந்து ஒருத்தர்: "சார், எங்க தாத்தா ஹட்டன் பக்கம் தோட்டத்து ஃபெக்டரியில ரோலிங்ல இருந்தாரு. ஜக்சன் மெஷின், ஜக்சன் மெஷின்னு சொல்லுவாரு. அது யாருங்க? மைக்கல் ஜக்சனும் பேட்டன்ட் வச்சிருந்தாருன்னு சொல்றாங்களே, நிசமா?"

ரெண்டும் நிசம். தாத்தா சொன்னது வில்லியம் ஜக்சன். 1872ல அசாம் தோட்டத்தில தன்ர முதல் ரோலரை, அதாவது கொழுந்து உருட்டுற மெஷினை, பூட்டினவர், பிறகு இங்கிலாந்தில மார்ஷல் கொம்பனி அவற்ற மெஷினுகளை செய்து அனுப்பினது. அதுக்கு முதல் வாடின கொழுந்தை மேசையில போட்டு உள்ளங்கையால தேய்ச்சு உருட்டினவை. எங்கட நாட்டில முதல் தேயிலைத் தோட்டம் போட்ட ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துறையில தொடங்கினதும் பங்களா விறாந்தையில அப்பிடித்தான். ரோலர் செய்யிறது அந்த உள்ளங்கை வேலையைத்தான்: கீழ வரிவரியா மேடு வச்ச மேசை, மேல அடி இல்லாத பெட்டி, அதுக்குள்ள கொழுந்தை நிரப்பி மூடியால அமத்தி வட்டமா சுத்த, இலையில உள்ள கலம் உடைஞ்சு சாறு வெளியில வந்து காத்தோட சேரும், நிறமும் மணமும் வாறது அங்கதான். இலையை வெட்டாம கசக்கவேணும், அதுதான் சூட்சுமம். தாத்தாவுக்கு அந்த மணம் உடுப்பில இருந்திருக்கும், உங்களுக்கும் மணந்திருக்கும்.

மைக்கல் ஜக்சன்ட பேட்டன்ட் 5,255,452, 1993 ஒக்டோபர் 26. மேடையில விழாம முன்னுக்கு சரியிற அந்த ஸ்டெப்புக்கான சப்பாத்து. குதியில ஒரு வெட்டு, மேடையில இருந்து ஆணி மாதிரி ஒண்டு எழும்பி வரும், காலை முன்னுக்கு தள்ளி மாட்டினா சரி. முதல் இடுப்பில கம்பி கட்டித்தான் செய்தவை, லைவ் ஷோவில கம்பி மாட்ட நேரமில்லை எண்டு இது. அவரோட இன்னும் ரெண்டு பேரின்ட பேரும் அதில இருக்கு. முக்கியமான கதை இனித்தான்: அமெரிக்காவில பேட்டன்ட் கிடைச்சு மூண்டரை, ஏழரை, பதினொண்டரை வருசத்தில ஃபீஸ் கட்டவேணும், அந்தக் கடைசி ஃபீஸ் கட்டுப்படேல்லை, 2005ல பேட்டன்ட் செத்துப் போச்சு. உலகத்தில ஆரிட்டயும் இல்லாத லோயர்மார் வச்சிருந்த மனிசனுக்கே இந்த கதி. இலங்கையில எடுத்தவையள், எங்கட ஃபீஸ் வருசா வருசம், விண்ணப்பிச்ச திகதியில இருந்து 20 வருசம் வரைக்கும். ஃபோன்ல ரிமைண்டர் போடுங்கோ.

தெஹிவளை, ஓய்வுபெற்ற ஒரு ஐயா: "மகன் கொண்டுவந்து தந்த சப்பாத்தில குட்இயர் வெல்ட் எண்டு அடிச்சிருக்கு. டயர் ரப்பரோ? பாரமா வேற கிடக்கு."

ஐயா, ரப்பருக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை, ஆனா இந்த முறை சொந்தம் இருக்கு. ரப்பர்க்காரர் அப்பா, சப்பாத்துக்காரர் மகன், ரெண்டு பேரும் சார்ல்ஸ் குட்இயர். அப்பா கந்தகத்தோட ரப்பரை சூடாக்கினா வெயிலுக்கு ஒட்டாது, குளிருக்கு வெடிக்காது எண்டு பிடிச்சு 1844ல பேட்டன்ட் 3,633 எடுத்தவர். ஆனா இங்கிலாந்தில தோமஸ் ஹான்கொக் முந்தியிட்டார், ஊருக்கு ஊர் வழக்கு, 1860ல சாகேக்க ரெண்டு லட்சம் டொலர் அளவில கடன். டயர் கொம்பனி 1898ல வேற ஆக்கள் தொடங்கி மரியாதைக்கு அவற்ற பேரை வச்சது, குடும்பத்துக்கு அதில தொடர்பில்லை. கம்பஹா ஹெனரத்கொடையில 1876ல ரப்பர் கண்டு நட்டு எங்கட நாடு ரப்பர் நாடாகினதுக்கு அடியில இந்தக் கடன்காரர்ட அடுப்புதான் கிடக்கு எண்டு நான் அடிக்கடி யோசிக்கிறது.

மகன்ட வேலை தையல் மெஷின். சப்பாத்தின்ட மேல்தோலோடயும் உள் அடியோடயும் வெல்ட் எண்ட ஒரு தோல் பட்டியை சுத்திவரத் தைச்சு, பிறகு வெளி அடியை அந்தப் பட்டியில மட்டும் தைக்கிறது. அடி தேஞ்சா அதை மட்டும் கழட்டி புதுசு போடலாம், மேல ஒண்டும் கெடாது. பாரத்துக்கு காரணம் அதுதான். சப்பாத்தைக் குடுத்திடாதேங்கோ ஐயா, சப்பாத்து தைக்கத் தெரிஞ்ச ஒருத்தர் கிடைச்சா உங்களுக்குப் பிறகு மகனும் போடலாம்.

வெள்ளவத்தை: "அண்ணை, எங்களுக்கு சர்நேமே இல்லை, ஃபோர்ம்ல என்ன எழுதுறது? இனிஷல் மட்டும் போட்டா காணாதோ?"

காணாது. ஏனெண்டு ஒரு கதை சொல்லுறன். மக்சிம் குடும்பம். ஹைரம் மக்சிம் இயந்திரத் துவக்கு செய்தவர், அந்த சத்தத்திலயே காது கேளாமப் போனவர் எண்டுவினம். மகன் ஹைரம் பெர்சி மக்சிம் 1909ல துவக்குக்கு சைலன்சர் பேட்டன்ட் எடுத்தவர், வெடிக்கிற வாயுவை அறை அறையா சுழல விட்டு மெல்ல வெளிய விடுறது, எங்கட த்ரீவீல் சைலன்சரிலயும் அதே யோசனைதான். அப்பா போட்ட சத்தத்தை மகன் அடைச்சது. எனக்கு வேண்டியது தம்பிக்காரன்ட கதை. ஹைரம்ட தம்பி ஹட்சன் மக்சிம், வெடிமருந்துக்காரர். புகை வராத வெடிமருந்து பேட்டன்ட் ஒண்டில 'எச். மக்சிம்' எண்டு இருந்ததை வச்சு தம்பி அதைத் தன்ர எண்டு சொல்லிட்டார் எண்டு அண்ணன் குற்றம் சாட்ட, ரெண்டு பேரும் சாகும் வரைக்கும் கோவம். ஒரு இனிஷல்!

எங்களுக்கு சிக்கல் இன்னும் கூட. அப்பான்ட பேரை சர்நேம் எண்டு போட்டா சகோதரங்களுக்கு ஒண்டா இருக்கும், ஆனா அப்பாவுக்கு அவற்ற அப்பான்ட பேர், பிள்ளையளுக்கு உங்கட பேர். மூண்டு தலைமுறை ஒரே பட்டறையில வேலை செய்தாலும் பேட்டன்ட் தேடேக்க மூண்டு வேற சர்நேம். அதால எந்தப் பேரைப் போட்டாலும் பரவாயில்லை, பாஸ்போட்டில உள்ள மாதிரியே முழுப்பேர், எல்லா இடத்திலயும் ஒரே எழுத்துக்கூட்டல்.

என்னட்ட வந்த ஒருத்தர், பம்ப் ஒண்டு செய்தவர், இங்க அடையாள அட்டைப்படி விண்ணப்பம் போட்டிட்டார். வெளிநாட்டில போட 12 மாசம் டைம் இருக்கு, பதினொராம் மாசம் வாறார் பாஸ்போட்டோட, அதில ஒரு எழுத்து கூட, அப்பான்ட பேர் முன்னுக்கு. ரெண்டும் ஒரே ஆள்தான் எண்டு நிரூபிக்க சத்தியக் கடதாசி எழுதி, சமாதான நீதவானைத் தேடி, அண்டைக்கு போயா தினம், நீதவான் கோயில்ல. நான் வாசல்ல செருப்புக்கு காவல் இருந்தனான். பிழை எனக்கும்தான், முதல் நாளே பாஸ்போட்டைக் கேட்டிருக்கவேணும்.

மட்டக்குளி: "எங்கட குடும்பப் பேர்லயே சாமானுக்கு பேட்டன்ட் எடுக்கலாமா?"

பேருக்கு பேட்டன்ட் இல்லை, அது ட்ரேட்மார்க், வியாபாரக் குறி. அதே புலமைச் சொத்து அலுவலகம், வேற ஃபோர்ம்.

பம்பலப்பிட்டி: "கண்காட்சியில வச்சு காட்டிட்டன், ஃபேஸ்புக்கிலயும் போட்டாச்சு. இனி ஏலாதோ?"

இலங்கையில நீங்களே வெளியிட்டதெண்டா ஒரு வருசத்துக்குள்ள விண்ணப்பிக்கலாம், 2003ம் ஆண்டு 36ம் இலக்கச் சட்டத்தில இடமிருக்கு. ஆனா ஐரோப்பாவில அந்த சலுகை இல்லை. அங்கயும் எடுக்கிற எண்ணமிருந்தா முதல் விண்ணப்பம், பிறகு ஃபேஸ்புக்.

மருதானை: "தம்பியும் நானும் சேந்து செய்தம், காசு போட்டது மச்சான். மூண்டு பேரையும் கண்டுபிடிப்பாளர் எண்டு போடச் சொல்லி மச்சான் நிக்கிறார்."

நீங்களும் தம்பியும் சரி, ரைட் சகோதரர் ரெண்டு பேரும் ஒரே பேட்டன்ட்லதான் இருக்கினம், 821,393, 1906 மே 22. அந்தப் பேட்டன்ட் எஞ்சினுக்கு இல்லை, விமானத்தை சரியாம பிடிக்கிற முறைக்கு. எஞ்சினை செய்து குடுத்தவர் அவையின்ட கடையில வேலை செய்த சார்லி டெய்லர், அவற்ற பேர் அதில இல்லை. காசு போட்டவர் கண்டுபிடிப்பாளர் ஆகமாட்டார், ஆனா உரிமையில பங்காளியா விண்ணப்பதாரர் எண்டு போடலாம், எத்தனை வீதம் எண்டு தனியா ஒரு ஒப்பந்தம் எழுதி கையெழுத்து வாங்குங்கோ. மச்சானுக்கு நான் சொன்னன் எண்டு சொல்லவேண்டாம், அவர் எனக்கும் ஃபோன் எடுத்தவர்.