ஓவனில் சுடும் சாக்லேட் ஆரஞ்சு டோனட்டில் ஆரஞ்சு மணம் ஏன் வருவதில்லை?

கேள்வி: எண்ணெயில் பொரிக்காமல் ஓவனில் சாக்லேட் ஆரஞ்சு டோனட் செய்தேன். முக்கால் டம்ளர் ஆரஞ்சுச் சாறு ஊற்றியும் ஆரஞ்சு வாசனையே இல்லை. டோனட்டும் ரப்பர் மாதிரி இழுத்தது. எப்படிச் செய்ய வேண்டும்?

பதில்:

உங்கள் இரண்டு குறைக்கும் அந்த முக்கால் டம்ளர் சாறுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

ஆரஞ்சுச் சாற்றில் இருப்பது பெரும்பாலும் தண்ணீர். கூடவே கொஞ்சம் சர்க்கரை, கொஞ்சம் புளிப்பு. அதை மாவில் கலந்து, கோகோவின் கசப்பையும் ஏற்றி, 175 டிகிரியில் சுட்டால் கடைசியில் மிஞ்சுவது லேசான புளிப்பு மட்டும்தான். ரப்பர் விஷயமும் அங்கிருந்துதான் வந்திருக்கும். சாறு கூடியதால் மாவு தளர்ந்திருக்கும், கெட்டியாக்க இன்னும் ஒரு கை மைதா போட்டிருப்பீர்கள், கட்டி இல்லாமல் வர நன்றாக அடித்திருப்பீர்கள். இது என் ஊகம். ஆனால் ஈரமான மைதாவை அடிக்க அடிக்க அதில் இழுவை ஏறும். பரோட்டாவுக்கு அது வேண்டும், டோனட்டுக்கு வேண்டாம்.

ஆரஞ்சின் மணம் இருப்பது தோலில். சின்ன வயதில் தோலை மடித்துப் பக்கத்தில் இருப்பவர் கண்ணில் பீய்ச்சி அடித்து அடி வாங்கியிருப்பீர்கள் அல்லவா, அந்தப் பீய்ச்சல்தான் உங்களுக்கு வேண்டிய சரக்கு. தோலின் மேல் புள்ளி புள்ளியாகத் தெரிவதெல்லாம் சின்னச் சின்ன எண்ணெய்ப் பைகள். அந்த எண்ணெயில் 90 சதவீதத்துக்கு மேல் லிமோனீன் என்ற ஒரே பொருள். அது தண்ணீரோடு சேராது, கொழுப்போடு சேரும். அதனால் எண்ணெய், க்ரீம், சாக்லேட் இவற்றில் போட்டால் மணம் அங்கேயே தங்கும்.

பழம் வாங்கும்போதே இதை யோசித்து வாங்குங்கள். நம் ஊரில் சுலபமாகக் கிடைக்கும் கமலா ஆரஞ்சுக்குத் தோல் தளர்வு. துருவியில் வைத்து அழுத்தினால் உள்ளே அமுங்கும், பிய்யும். மணம் என்னவோ அருமையாகத்தான் இருக்கும், பொறுமையாக, அழுத்தாமல் துருவ வேண்டும். ஸ்டிக்கர் ஒட்டி வருகிற வெளிநாட்டு ஆரஞ்சுக்குத் தோல் இறுக்கமாக இருப்பதால் வேலை எளிது. ஆனால் அதன்மேல் பெரும்பாலும் மெழுகு பூசியிருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டுத் தேய்த்துக் கழுவி, ஈரம் போகத் துடைத்துக்கொள்ளுங்கள். சாத்துக்குடியை இதற்கு எடுக்காதீர்கள், அதன் மணமே வேறு.

காரட் துருவும் பக்கத்தில் துருவ வேண்டாம். துருவியின் பொடி ஓட்டைப் பக்கத்தில், பழத்தைத் திருப்பிக்கொண்டே, ஆரஞ்சு நிறம் மட்டும் வரும்படி எடுங்கள். வெள்ளை தெரிந்ததும் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். வெள்ளைப் பகுதியில் மணம் கிடையாது, கசப்புதான். நல்ல துருவி இல்லையென்றால் பீலரால் தோலை மெல்லிசாகச் சீவி, பின்பக்க வெள்ளையைக் கத்தியால் வழித்துவிட்டு, சர்க்கரையோடு மிக்ஸியில் இரண்டு சுற்று ஓட்டினாலும் போதும். எங்கள் வீட்டில் பெரும்பாலும் மிக்ஸிதான்.

துருவியவர்கள் அதை அப்படியே மாவில் போட்டுவிடக் கூடாது. டோனட்டுக்கு அளந்து வைத்த சர்க்கரையில் தோல் துருவலைக் கொட்டி, விரல் நுனியால் ஒரு நிமிடம் கசக்குங்கள். சர்க்கரைக் குருணை அந்த எண்ணெய்ப் பைகளைக் கிழித்துவிடும். வெள்ளையாக உதிரி உதிரியாக இருந்த சர்க்கரை ஈர மணல்போலப் பிடிபடும், லேசாக மஞ்சள் ஏறும், பக்கத்து அறையில் இருப்பவர் என்ன ஆரஞ்சா என்று கேட்கும் அளவுக்கு மணம் கிளம்பும். இந்த ஒரு நிமிட வேலையை மட்டும் விடாதீர்கள். ஆரஞ்சு எசன்ஸ் ஊற்றினால் வருவது பெட்டிக்கடை ஆரஞ்சு மிட்டாய் வாசனை. அது எனக்கும் பிடிக்கும்தான், ஆனால் கோகோவோடு சேர்ந்தால் மருந்து நெடி அடிக்கிறது.

சரி, அளவுக்கு வருகிறேன். ஆறு குழி உள்ள டோனட் தட்டுக்கு மைதா 100 கிராம், கோகோ 20 கிராம், சர்க்கரை 80 கிராம், ஒரு பெரிய ஆரஞ்சின் தோல், ஒரு முட்டை, கெட்டித் தயிர் 50 கிராம், பால் 60 மில்லி, வாசனை இல்லாத எண்ணெய் 35 மில்லி. பேக்கிங் பவுடர் அரை டீஸ்பூன், சமையல் சோடா கால் டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை. ஆசைக்கு ஒரு டேபிள்ஸ்பூன் சாறு சேர்க்கலாம், அதற்கு மேல் வேண்டாம். மாவைக் கப்பால் அளக்கிறவர்கள் கப்பை டப்பாவுக்குள் விட்டு அமுக்கி எடுக்காமல், ஸ்பூனால் அள்ளிப் போட்டுத் தலைதட்டுங்கள். அமுக்கினால் ஒரு கப்பில் 20, 30 கிராம் சாதாரணமாகக் கூடிவிடும்.

கோகோவில் சூடான பாலை ஊற்றிக் குழைத்து முதலில் தனியாக வைத்துவிடுங்கள். பச்சைப் பொடியாகப் போடுவதைவிட இப்படிச் செய்தால் சாக்லேட் சுவை நன்றாக விரியும், கட்டியும் இருக்காது. அது ஆறும் நேரத்தில் மணச்சர்க்கரை, முட்டை, தயிர், எண்ணெய் நான்கையும் இன்னொரு பாத்திரத்தில் கலக்கிக்கொள்ளலாம். தயிர் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த ஜில்லிப்போடு இருக்கக் கூடாது. இரண்டையும் சேர்த்து, சாறு போடுவதென்றால் அதையும் இப்போதே ஊற்றி, சலித்த மைதா, பேக்கிங் பவுடர், சோடா, உப்பு போட்டுக் கரண்டியால் மடித்து மடித்துக் கலக்குங்கள். மாவு வெள்ளையாகத் தெரிவது நின்றதும் கையை எடுத்துவிட வேண்டும். அங்கங்கே சின்னக் கட்டி இருந்தால் இருக்கட்டும். விஸ்க், பீட்டர் எதுவும் இந்தக் கட்டத்தில் அருகில் வர வேண்டாம்.

சோடா தயிரின் புளிப்பைத் தொட்டவுடனே பொங்க ஆரம்பித்துவிடும். அதனால் ஓவனை முன்பே சூடேற்றி வைத்துவிட்டுத்தான் மாவைக் கலக்க வேண்டும்.

தட்டில் ஊற்ற ஸ்பூன் வசதிப்படாது, நடுக் கூம்பெல்லாம் மாவு ஒட்டும். கழுவிக் காய்ந்த பால் கவரில் மாவை ஊற்றி, முனையில் விரல் தடிமனுக்கு வெட்டி, வளையமாகப் பிழியுங்கள். குழியில் மூன்றில் இரண்டு பங்குதான் நிரம்ப வேண்டும். அதற்கு மேல் போனால் பொங்கி நடு ஓட்டை மூடிக்கொள்ளும், டோனட் என்று சொல்லிக் கொடுக்க முடியாது. தட்டில் வெண்ணெய் தடவும்போது அந்தக் கூம்பை மறக்காதீர்கள். ஒட்டிக்கொண்டு பிய்வது பெரும்பாலும் அங்கேதான்.

ஓடிஜியில் மேல் கம்பி, கீழ்க் கம்பி இரண்டும் எரிய, நடுத்தட்டில், 175 டிகிரியில் 10 முதல் 12 நிமிடம். கன்வெக்ஷன் மைக்ரோவேவில் விசிறி சுற்றுவதால் 165 வைத்தால் போதும். சாதாரண கேக் என்றால் மேலே பொன்னிறமானதைப் பார்த்து எடுப்போம். இது ஏற்கெனவே கறுப்பு, நிறத்தை வைத்து ஒன்றும் தெரியாது. ஒன்பதாம் நிமிடத்தில் திறந்து, விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். குழி விழுந்து அப்படியே நின்றால் இன்னும் வேண்டும். மெத்தையாக எழும்பி வந்தால் உடனே எடுங்கள். வெளியே எடுத்த பிறகும் தட்டின் சூட்டில் கொஞ்சம் வேகும். இரண்டு நிமிடம் கூடினாலே இது வறண்டுவிடும், ஏனென்றால் வளையம் மெல்லியது. ஐந்து நிமிடம் கழித்துக் கவிழ்த்தால் தட்டின் அடியில் இருந்த உருண்டையான பக்கம் மேலே வரும். அதுதான் முகம்.

இப்போது மேல் பூச்சு. நான் தோலை முழுவதும் மாவில் போடுவதில்லை, ஒரு ஸ்பூன் துருவலை எடுத்து வைத்துக்கொள்வேன். ஆரஞ்சு எண்ணெய் சீக்கிரம் ஆவியாகிவிடும், ஓவன் சூட்டில் ஒரு பங்கு போயே தீரும். ஆனால் சூடு படாத பூச்சில் போட்டது அப்படியே இருக்கும். வாயில் வைத்தவுடன் மூக்கில் ஏறுவது அந்த மணம்தான்.

எளிதான பூச்சு: 100 கிராம் ஐசிங் சுகரில் மூன்று அல்லது நான்கு டீஸ்பூன் சாறும் அந்தத் துருவலும். நீங்கள் ஊற்ற ஆசைப்பட்ட சாற்றுக்கு இதுதான் இடம், இங்கே அதன் புளிப்பு நன்றாகத் தெரியும். ஒரு டீஸ்பூனாக ஊற்றிக் கலக்குங்கள். கெட்டியாக இருக்கிறதே என்று தோன்றும், அடுத்த அரை டீஸ்பூனில் திடீரென்று ஓடும். டோனட் முழுக்க ஆறின பிறகே முக்க வேண்டும்.

சாக்லேட் பூச்சு வேண்டும் என்றால் 100 கிராம் டார்க் சாக்லேட், 80 மில்லி க்ரீம். கடையில் கிடைக்கும் 25 சதவீதக் கொழுப்பு க்ரீமே போதும். க்ரீமில் துருவலைப் போட்டு, கொதிக்க விடாமல், ஓரத்தில் குமிழி வரும்வரை சூடாக்கி மூடி வையுங்கள். பத்து நிமிடம் கழித்து வடிகட்டி, திரும்ப லேசாகச் சூடு பண்ணி, நறுக்கிய சாக்லேட்டின் மேல் ஊற்றிக் கலக்கினால் பளபளவென்று வரும். துருவல் கொஞ்ச நேரம் மட்டுமே, கொதிக்காத சூட்டில் ஊறுவதாலும், க்ரீமில் கொழுப்பு இருப்பதாலும் மணம் இதிலும் நன்றாகவே நிற்கும். உருக்கின சாக்லேட்டில் நேராகச் சாற்றை விட்டுவிடாதீர்கள். ஒரு ஸ்பூன் தண்ணீர் பட்டாலும் சாக்லேட் பிடித்துக்கொண்டு களிமண்ணாகிவிடும். சாக்லேட் வாங்கும்போது அட்டையின் பின்பக்கம் பாருங்கள். கோகோ பட்டர் இருந்தால் வாங்கலாம். அதற்குப் பதில் தாவரக் கொழுப்பு போட்டது காம்பவுண்ட். விலை குறைவு, சீக்கிரம் இறுகும், வாயில் மெழுகாக நிற்கும்.

கடையில் கிடைப்பதுபோல வருமா என்று அடுத்து யாராவது கேட்பார்கள். வராது. கடை டோனட் பெரும்பாலும் ஈஸ்ட் போட்டுப் புளிக்கவைத்து எண்ணெயில் பொரிப்பது. அந்த மெல்லிய மேல்தோலும் உள்ளே காற்றாக இருப்பதும் சூடான எண்ணெய் தருவது. ஈஸ்ட் மாவையே ஓவனில் சுட்டாலும் இனிப்பு பன் கிடைக்கும், அவ்வளவுதான். நாம் செய்திருப்பது வளைய வடிவக் கேக். நல்ல கேக், ஆனால் கேக். இங்கிலாந்தில் ஜாஃபா கேக் என்று ஒன்று உண்டு, ஆரஞ்சு ஜெல்லி மேல் சாக்லேட் பூசியது, 1927 முதல் விற்கிறது. அது கேக்கா பிஸ்கட்டா என்று 1991இல் வரித் தீர்ப்பாயம் வரை வழக்குப் போனது, ஏனென்றால் சாக்லேட் பூசிய பிஸ்கட்டுக்கு வாட் வரி உண்டு, கேக்குக்கு இல்லை. நாள்பட்டால் பிஸ்கட் நமுத்துப்போகும், கேக் இறுகிப்போகும் என்பதும் அங்கே எடுபட்ட வாதங்களில் ஒன்று. கேக்தான் என்று தீர்ப்பானது. அந்தக் கணக்கில் நம் டோனட்டும் மறுநாளே தன் ஜாதியைச் சொல்லிவிடும்.

எண்ணெயில் பொரிக்கவில்லை என்பதால் உடம்புக்கு நல்லது என்று நினைத்து இரண்டாவதை எடுக்காதீர்கள். ஆறு டோனட்டுக்கு உள்ளே 80 கிராம், மேலே 100 கிராம் என்று சர்க்கரை மட்டும் 180 கிராம், அதாவது ஒன்றுக்கு 30 கிராம். பூச்சை ஒரு பக்கம் மட்டும் தொட்டால் பூச்சின் சர்க்கரை பாதி குறையும், சுவைக்கு ஒன்றும் மோசமில்லை.

எங்கள் அத்தை முட்டை சேர்க்க மாட்டார் என்பதால் பாதி நாள் முட்டை இல்லாமல்தான் செய்கிறேன். முட்டைக்குப் பதில் இன்னும் 50 கிராம் தயிர், பேக்கிங் பவுடரை முக்கால் டீஸ்பூன் ஆக்கிக்கொள்ளுங்கள். கொஞ்சம் அடர்த்தியாக இருக்கும், உதிரும். அதனால் சூட்டோடு கவிழ்க்காமல் பத்து நிமிடம் விட்டு எடுங்கள்.

டோனட் தட்டு இல்லையென்றால் வாங்க ஓட வேண்டாம். குழிப்பணியாரக் கல்லில் வெண்ணெய் தடவி, இதே மாவை முக்கால் குழி ஊற்றி, மிகச் சிறு தீயில் மூடி வைத்து, மேல்பக்கம் காய ஆரம்பித்ததும் குச்சியால் திருப்பிவிடுங்கள். கோகோவும் சர்க்கரையும் இருப்பதால் சீக்கிரம் அடிபிடிக்கும், பணியாரத்துக்கு வைக்கும் தீயில் பாதி போதும். ஓட்டைதான் இருக்காது. பிள்ளைகள் ஆரஞ்சுப் பூச்சில் முக்கி ஒரே வாயில் போட்டுக்கொள்வார்கள்.

மீந்தால் மூடிய டப்பாவில் வெளியே இரண்டு நாள் வைக்கலாம், க்ரீம் பூசியதை மட்டும் ஃப்ரிட்ஜில் வையுங்கள். சர்க்கரைப் பூச்சு போட்டதை ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தால், சென்னை மாதிரிப் புழுக்கத்தில் வியர்த்துப் பூச்சு ஒழுகிவிடும். நாளைக்கு விருந்தாளி என்றால் இன்று சுட்டு வைத்துக்கொண்டு, பூச்சை மட்டும் அவர்கள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பு போடுங்கள்.